குடல் புற்றுக்கு வைட்டமின் டி ஊசியா? செட்டிநாட்டில் மருத்துவ முகாம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

செட்டிநாட்டு ஊர்களில் மருத்துவ முகாம் நடத்தும் சங்கத்தார், அறக்கட்டளைப் பொறுப்பாளர்கள், கோயில் காரியக்காரர்கள் அனைவருக்கும்,

உங்கள் முகாம் நோட்டீஸ் ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறோம். 50 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் வைட்டமின் டி ரத்தப் பரிசோதனை. அளவு குறைந்தவர்களுக்கு அங்கேயே 6 லட்சம் யூனிட் ஊசி. ‘வருஷத்துக்கு ஒரு ஊசி, குடல் புற்றுநோய் அண்டாது’ என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி. மலச்சிக்கலும் மூலமும் தீரும் என்று அதற்குக் கீழே இன்னொரு வரி. எந்த ஊர், எந்தச் சங்கம் என்று பெயர் சொல்லப் போவதில்லை. ஒன்றைப் பார்த்து இன்னொன்று அச்சாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

காரைக்குடி வட்டாரத்தில் ரத்த ஆய்வகத்திலும் மருந்துக்கடையிலும் எண்டோஸ்கோப்பி அறையிலும் வேலை பார்க்கிறவர்கள் நாங்கள். புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வரி வைத்தும் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளிடம் கேட்டு வாங்கியும் சேர்க்கிற பணம் தவறான இடத்தில் போகிறது, அதனால் வயதானவர்களுக்கு ஆபத்தும் வருகிறது என்பதே எங்கள் முறையீடு.

நோட்டீஸில் உள்ள உண்மையை முதலில் சொல்லிவிடுகிறோம். வைட்டமின் டி-க்கும் பெருங்குடலுக்கும் தொடர்பு உண்டு. பெருங்குடலின் உள்தோல் சில நாளுக்கொரு முறை புதிதாகிக்கொண்டே இருக்கிற இடம். நுண்குழிகளின் அடியில் செல்கள் பிரிந்து, மேலேறி, முதிர்ந்து, உதிர்கின்றன. அந்தச் செல்களுக்குள் வைட்டமின் டி-யைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி என்ற புரதம் இருக்கிறது. ரத்தத்தில் வருகிற வைட்டமினைச் செயல்படும் வடிவமான கால்சிட்ரியாலாக மாற்றிக்கொள்ளும் நொதியும் அங்கேயே இருக்கிறது. கால்சிட்ரியால் செல் பிரிவதை மட்டுப்படுத்துகிறது, முதிர்ச்சியைத் தூண்டுகிறது, அண்டைச் செல்களைச் சேர்த்துப் பிடிக்கும் ஈ-காட்ஹெரின் புரதத்தைக் கூட்டுகிறது. பித்த அமிலத்தைக் குடல் பாக்டீரியா மாற்றும்போது உண்டாகும் லித்தோகோலிக் அமிலம் குடலுக்குக் கெடுதல். அதை உணர்ந்து முறிக்கிற வேலையையும் இதே ஏற்பி தொடங்கிவைக்கிறது என்று 2002-இல் கண்டார்கள்.

இந்த யோசனைக்கு வயது நாற்பதுக்கு மேல். 1980-இல் செட்ரிக் கார்லண்ட், ஃபிராங்க் கார்லண்ட் என்ற சகோதரர்கள் அமெரிக்க வரைபடத்தை வைத்துக்கொண்டு, வெயில் குறைந்த வடகிழக்கில் பெருங்குடல் புற்று இறப்பு கூடுதலாகவும் வெயில் மிகுந்த தென்மேற்கில் குறைவாகவும் இருப்பதைக் காட்டி, இடையில் இருப்பது வைட்டமின் டி-யாக இருக்கலாம் என்றார்கள். பிறகு, ஆட்களைப் பல ஆண்டு பின்தொடர்ந்து பார்த்த 17 ஆய்வுகளின் தரவைச் சேர்த்துப் பார்த்த 2019-ஆம் ஆண்டுக் கட்டுரை, ரத்தத்தில் அளவு மில்லிலிட்டருக்கு 12 நானோகிராமுக்குக் கீழே இருந்தவர்களுக்குப் பெருங்குடல் புற்று வரும் வாய்ப்பு, 20 முதல் 25 வரை இருந்தவர்களைவிட 31 விழுக்காடு கூடுதல் என்று கணக்கிட்டது. 30 முதல் 40 வரை இருந்தவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் குறைவு.

நோட்டீஸ் எழுதினவர் இதுவரை படித்துவிட்டு நிறுத்தியிருக்கிறார்.

அளவு குறைந்தவருக்குப் புற்று கூடுதலாக வருவது வேறு, அளவை ஏற்றிவிட்டால் புற்று வராது என்பது வேறு. உடல் பருத்தவருக்கு இந்த வைட்டமின் கொழுப்பில் பரவி ரத்தத்தில் குறைந்து காட்டும். வீட்டைவிட்டு இறங்காதவருக்குக் குறையும். உடலில் எங்காவது அழற்சி இருந்தாலே குறையும். பருமனும் நடமாட்டக் குறைவும் நாள்பட்ட அழற்சியும் தம்மளவிலேயே குடல் புற்றுக்குக் காரணங்கள். ஆகவே குறைந்த எண் பல நேரம் காரணமாக இல்லாமல் அடையாளமாக மட்டும் இருக்கக்கூடும். இதைப் பிரித்தறிய ஒரே வழி, குலுக்கல் முறையில் ஆட்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்ப்பது.

பார்த்தார்கள். அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 36,282 பெண்களுக்கு நடந்த சோதனையில், ஒரு பாதியினர் தினம் 1,000 மில்லிகிராம் கால்சியமும் 400 யூனிட் வைட்டமின் டி-யும் ஏழு ஆண்டு சாப்பிட்டார்கள்; 2006-இல் வந்த முடிவு, பெருங்குடல் புற்றில் வித்தியாசம் இல்லை. அளவு போதாது என்றார்கள். குடலின் உள்தோலில் முளைக்கும் சிறு வளர்ச்சியான பாலிப் ஏற்கெனவே எடுக்கப்பட்ட 2,259 பேரை வைத்து, தினம் 1,000 யூனிட் கொடுத்துப் பார்த்த சோதனை 2015-இல் வெளிவந்தது. பாலிப் மறுபடி முளைப்பது குறையவில்லை. அதற்குப் பிறகு வந்தது வைட்டல் சோதனை. 25,871 பேர், தினம் 2,000 யூனிட், ஐந்து ஆண்டுக்குச் சற்றுக் கூடுதல். 2019 ஜனவரி இதழில் வந்த முடிவிலும் புற்றுநோய் வருவது குறையவில்லை, பெருங்குடல் புற்றும் குறையவில்லை.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வைட்டலில் முதல் இரண்டு ஆண்டைத் தள்ளிவிட்டுப் பார்த்தபோது புற்றுநோயால் இறப்பது குறைவாகத் தெரிந்தது. பல சோதனைகளை ஒன்றாக்கிய 2019-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்விலும் புற்றுநோய் இறப்பு 13 விழுக்காடு குறைந்தது. ஆனால் அந்தப் பலன் தினமும் சிறு அளவில் எடுத்தவர்களிடம்தான் தெரிந்தது. மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒருமுறை மொத்தமாக ஏற்றிக்கொண்டவர்களிடம் தெரியவில்லை. அதாவது வைட்டமின் டி-க்குச் சாதகமாகப் பேசுகிற சான்றுகூட உங்கள் ஊசிக்கு எதிராகத்தான் பேசுகிறது.

அந்த ஊசியைப் பற்றி. 6 லட்சம் யூனிட் என்றால் 15 மில்லிகிராம், எண்ணெயில் கரைத்து ஆழமாகத் தசையில் போடுவது. ஒரு நாளைக்கு 600 யூனிட் போதும் என்று நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வகுத்திருக்கின்றன. ஆக ஒரே ஊசியில் ஆயிரம் நாள் அளவு. மெதுவாகக் கசிந்து மாதக்கணக்கில் ரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும்; கால்சியம் கூடிவிட்டால் மாத்திரையை நிறுத்துவதுபோல இதை நிறுத்த முடியாது. ஆஸ்திரேலியாவில் 70 வயதைத் தாண்டிய 2,256 பெண்களைக் கொண்ட சோதனையில் ஒரு பாதியினருக்கு ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட்டை வாய்வழியே கொடுத்தார்கள். எலும்பு முறிவைத் தடுக்கத்தான் கொடுத்தார்கள். 2010-இல் முடிவு வந்தபோது, மருந்து பெற்றவர்கள் கீழே விழுவது 15 விழுக்காடும் எலும்பு முறிவு 26 விழுக்காடும் கூடியிருந்தது. உயர்ந்த நிலைப்படியும் வழுவழுப்பான ஆத்தங்குடிக் கல்லும் உள்ள வீட்டில் தனியாக இருக்கிற ஆச்சிக்கு ஏன் இந்த ஊசி என்று நீங்களே யோசியுங்கள்.

மருந்துக்கடையில் இருப்பவர்களுக்கு இன்னொரு பக்கமும் தெரியும். முகாமில் ஊசி போட்டுக்கொள்பவரின் பையில் ஏற்கெனவே எலும்பு மருத்துவர் எழுதிய 60,000 யூனிட் பாக்கெட் இருக்கும். சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்பிய சத்து மாத்திரை டப்பாவும் இருக்கும். வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுத்ததைத் தினம் ஒன்று என்று பாலில் கலக்கிக் குடிப்பது நம் பகுதியில் அரிதே அல்ல; எட்டு வாரத்தில் முடிய வேண்டிய சீட்டைக் காட்டி வருஷக்கணக்கில் வாங்குவதும் அப்படித்தான். இதன் மேல் 6 லட்சம் ஏறினால் ரத்தத்தில் கால்சியம் மிகுந்துபோகும். அறிகுறிகள்: ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், குமட்டல், பசியின்மை, குழப்பம், சிறுநீரகக் கல். அதோடு கடும் மலச்சிக்கல். மலச்சிக்கல் தீரும் என்று அச்சடித்த ஊசியே மலச்சிக்கலைக் கொண்டுவரும். கல் வந்தவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், காசநோய் அல்லது சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய் உள்ளவர்கள், இதயத்துக்கு டைகாக்சின் அல்லது ரத்த அழுத்தத்துக்குத் தையசைடு வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆகியோருக்கு ஆபத்து இன்னும் அதிகம். முகாம் வரிசையில் கால்சியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்த்துவிட்டா ஊசி போடுகிறார்கள்?

பரிசோதனைச் சீட்டுக்கு வருவோம். பெரும்பாலான சீட்டுகளில் 30-க்குக் கீழே இருந்தாலே ‘போதாது’ என்று தடித்த எழுத்தில் வரும். அந்த 30 என்ற கோடு அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 2011-இல் வகுத்தது. அதே சங்கம் 2024 வழிகாட்டுதலில் அந்த இலக்கைக் கைவிட்டது; நோயில்லாத பெரியவர்களுக்கு இந்தப் பரிசோதனையை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றும் சொன்னது. எலும்புக்கு 20 இருந்தால் பெரும்பாலோருக்குப் போதும் என்பது 2011-லேயே அமெரிக்க மருத்துவ நிறுவனம் சொன்ன கணக்கு. பழைய கோட்டை வைத்து அளந்தால் வீட்டு வளவுக்குள்ளேயே இருக்கிற ஆச்சிமாரில் முக்கால்வாசிப்பேர் ‘குறைபாடு’ பட்டியலுக்கு வந்துவிடுவார்கள். முகாமுக்கு வந்தவர் எல்லோருக்கும் ஊசி என்பது அப்படித்தான் நடக்கிறது.

அளக்கிற முறையிலும் தவறு நேர்கிறது. கேட்க வேண்டியது 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி. 1,25 என்ற இன்னொன்றை எழுதிவிட்டால் குறைபாடு உள்ளவருக்கும் அது சரியாகவோ கூடுதலாகவோ காட்டும். முடி உதிர்வுக்கு பயோட்டின் சாப்பிடுகிறவருக்குச் சில இயந்திரங்கள் பொய்யாக உயர்ந்த எண்ணைத் தரும். இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுக்க வேண்டும். மருந்து தொடங்கினால் மூன்று மாதத்துக்கு முன் மறுபடி பார்ப்பது வீண் செலவு.

இந்த வைட்டமின் யாருக்கும் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கிரோன் என்ற குடல் அழற்சி நோய், சிறுகுடல் வெட்டி எடுக்கப்பட்டவர், நாள்பட்ட கணைய அழற்சி, பித்தநாள அடைப்பு என்று கொழுப்பு உறிஞ்சுவது கெட்டுப்போன எவருக்கும் இது கட்டாயம் பார்க்க வேண்டியது. வலிப்புக்கு ஃபெனிடாய்ன், காசத்துக்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவருக்கும், ஸ்டீராய்டு நீண்டநாள் எடுப்பவருக்கும், எலும்பு முறிந்து படுக்கையில் இருப்பவருக்கும் அப்படியே. மருத்துவர் எழுதினால், கொழுப்புள்ள சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும். வெறும் வயிற்றில் குறைவாகவே உறிஞ்சப்படும். குடல் அழற்சி நோயில் வைட்டமின் டி எலும்பைக் காக்கும். நோயின் சீற்றத்தை ஓரளவு தணிக்குமா என்ற ஆய்வுகள் சிறியவை, முடிவு உறுதியில்லை. பெருங்குடல் அழற்சி எட்டு ஆண்டைத் தாண்டியவருக்குப் புற்றுக் கண்காணிப்புக்கான கொலோனோஸ்கோப்பி, அதாவது குழாய்க் கேமராவால் பெருங்குடலின் உள்ளே பார்ப்பது, தேவை. எந்த மாத்திரையும் அதற்கு ஈடாகாது.

இனி எங்களை மிகவும் உறுத்துகிற விஷயம். மலத்தோடு ரத்தம் போனால் நம் பகுதியில் அதற்கு ஒரே பெயர் மூலம். கருணைக்கிழங்கு லேகியமும் களிம்பும் வாங்கிப் போவார்கள். விரல் விட்டுப் பார்க்கக்கூட எவரிடமும் காட்ட மாட்டார்கள். மலக்குடலின் கடைசிப் பகுதியில் வரும் கட்டிகளில் கணிசமானவை மருத்துவரின் விரலுக்கு எட்டும் தூரத்தில் இருப்பவை. கையுறையும் கொஞ்சம் ஜெல்லும் ஒரு நிமிடமும் போதும். முகாமில் ஒரு தடுப்புத் திரை, ஒரு கட்டில், பெண்களுக்கு ஒரு பெண் மருத்துவர். இதற்கு இடம் ஒதுக்காமல் வைட்டமின் மேசைக்கு இரண்டு வரிசை போடுகிறார்கள். ரத்தம் போகிறவர் ஊசி போட்டுக்கொண்டு, இனிப் பயமில்லை என்று வீட்டுக்குப் போகிறார். ஓடு ஒழுகும்போது சுவருக்குச் சுண்ணாம்பு பூசிய கதைதான். ஊசி செய்த கெடுதலைவிட அந்தத் தைரியம் செய்கிற கெடுதல் பெரிது.

பெருங்குடலின் வலப்பக்கத்தில் கட்டி வந்தால் கண்ணுக்குத் தெரிகிற ரத்தம்கூட வராது. கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ஹீமோகுளோபின் இறங்கும். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புச்சத்துக் குறைந்த சோகை வந்தால், எங்கே ரத்தம் போகிறது என்று தேடியாக வேண்டும். இரும்பு மாத்திரை கொடுத்து ஹீமோகுளோபின் அளவை ஏற்றிவிட்டு அனுப்பினால் கட்டிக்கு ஒரு வருஷம் அவகாசம் கொடுத்ததாகும். இடப்பக்கத்துக் கட்டி பாதையை நெருக்கும்: மலம் மெலிந்து வரும், சில வாரங்களாகப் போக்கு மாறியிருக்கும், போய்விட்டு வந்தும் முழுதாகப் போகாத உணர்வு இருக்கும்.

பெரும்பாலான பெருங்குடல் புற்று பாலிப்பாகத் தொடங்கிப் பத்து ஆண்டு அளவுக்கு எடுத்துக்கொண்டுதான் புற்றாகிறது. அந்த இடைவெளியில் மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைத் தேடினால் உயிர் பிழைக்கலாம் என்பதற்குச் சான்று பலமானது. அமெரிக்காவின் மினசோட்டாவில் 46,551 பேரிடம் நடந்த சோதனையில் ஆண்டுதோறும் மலப் பரிசோதனை செய்தவர்களில் குடல் புற்று இறப்பு 33 விழுக்காடு குறைந்தது. 1993-இல் வெளிவந்த கணக்கு. இன்றைக்கு அதைவிட நல்ல பரிசோதனை இருக்கிறது: மனித ஹீமோகுளோபினை மட்டும் பிடிக்கிற ஃபிட். கறி சாப்பிட்டிருந்தாலும் முள்ளங்கி சாப்பிட்டிருந்தாலும் குழப்பம் இல்லை, பத்தியம் இல்லை, ஒரே மாதிரி போதும். நம் நாட்டுத் தொற்றாநோய்த் திட்டத்தில் 30 வயதைத் தாண்டியவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்குத்தான் ஊரளவில் பரிசோதனை. பெருங்குடல் அதில் இல்லை. உங்கள் முகாம் நிரப்ப வேண்டிய இடம் அதுதான். வைட்டமின் டி பரிசோதனைக்கு ஆகிற செலவைவிட இதற்குப் பெரும்பாலும் குறைவாகவே ஆகும்.

ஆனால் இதையும் சும்மா விநியோகித்துவிட முடியாது. முகாமுக்கு முந்தின நாளே குப்பியைக் கொடுத்துச் செய்முறையைச் சொல்ல வேண்டும். கழிப்பறைத் தண்ணீர் படுமுன் மாதிரி எடுக்க வேண்டும். இந்தியக் கழிப்பறையில் பழைய செய்தித்தாளை மடித்து விரித்தால் போதும். மூடியில் உள்ள குச்சியால் மலத்தின் ஐந்தாறு இடத்தைச் சுரண்டி, குச்சியின் பள்ளம் நிறையும் அளவுக்கு மட்டும் எடுத்துக் குப்பியில் செருக வேண்டும். நிறைய எடுத்தால் நல்லது என்று அள்ளிப் போட்டால் எண் கெடும். மாதவிடாய் நாட்களில் எடுக்கக் கூடாது. பெயர், வயது, எடுத்த தேதி, நேரம் நான்கும் எழுத வேண்டும்.

இங்கேதான் நம் ஊர் வெயில் குறுக்கே வரும். வெப்பத்தில் ஹீமோகுளோபின் சிதைந்துவிடும். ரத்தம் இருந்தும் இல்லை என்று முடிவு வரும். பங்குனி, சித்திரை வெயிலில் குப்பியைத் திண்ணையில் வைத்துவிட்டு மாலையில் கொண்டுவந்து கொடுத்தால் அந்தப் பரிசோதனையைச் செய்யாமலே இருக்கலாம். குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள் என்று குப்பியோடு வரும் தாள் சொல்லும். எந்த வீட்டு ஆச்சி அதற்குச் சம்மதிப்பார்? ஆகவே காலையில் எடுத்ததை அன்றைக்கே வாங்கிக்கொள்ள, தெருவுக்கு ஒரு தன்னார்வலர், ஐஸ் பொதியோடு ஒரு தெர்மோகோல் பெட்டி என்று ஏற்பாடு செய்யுங்கள். முடிந்தால் முகாமையே தை, மாசிக்கு மாற்றுங்கள்.

ஏற்கெனவே ரத்தம் போகிறவருக்கு ஃபிட் குப்பி கொடுக்கக் கூடாது. அவருக்குத் தேவை மருத்துவர். ஃபிட்டில் ‘இல்லை’ என்று வந்ததைக் காட்டிக்கொண்டு அவர் வீட்டில் இருந்துவிடக்கூடும். ரத்தம் ‘உண்டு’ என்று வந்தவருக்கோ மறுபடியும் ஃபிட் செய்து பார்ப்பது தவறு, நேராகக் கொலோனோஸ்கோப்பி. அவர்களில் பெரும்பாலோருக்குப் புற்று இருக்காது. பலருக்குப் பாலிப் இருக்கும், அதை அங்கேயே எடுத்துவிடலாம்.

கொலோனோஸ்கோப்பி தோற்பது பெரும்பாலும் குடல் சுத்தமாகாததால். இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே கீரை, கொய்யா, கத்தரிக்காய், தக்காளி, எள், கவுனி அரிசி வேண்டாம். குழைந்த வெள்ளைச் சோறும் தெளிந்த ரசமும் போதும். இரும்பு மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், மலம் கறுத்து ஒட்டிக்கொள்ளும். பேதி மருந்தை இரண்டு பகுதியாகக் குடிக்க வேண்டும், பாதி முந்தின இரவு, பாதி அன்று காலை. முதல் பாதியிலேயே நன்றாகப் போய்விட்டது என்று மறுபாதியைக் கீழே கொட்டுகிறவர்கள்தான் அதிகம். போவது வெளிர்மஞ்சள் தெளிநீராக வரும்வரை வேலை முடியவில்லை. சர்க்கரை மாத்திரை, இன்சுலின், ரத்தம் உறையாமைக்கான மாத்திரை ஆகியவற்றை என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும். அறிக்கையில் பெருங்குடலின் தொடக்கமான சீக்கம் வரை போனதா, சுத்தம் எந்த அளவு என்ற இரண்டும் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் கேளுங்கள்.

குடும்ப வரலாறும் கேட்க வேண்டும். முன்னோர் வழிபாடான படைப்புக்குக் கூடுகிற வீடுகளில் யார் எந்த வயதில் எதனால் போனார்கள் என்று ஆச்சிமாருக்கு மனப்பாடம். பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகளில் ஒருவருக்கு 60 வயதுக்குள் குடல் புற்று வந்திருந்தால், 40 வயதிலோ அல்லது அவருக்கு வந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்போ, எது முந்தியதோ அப்போது கொலோனோஸ்கோப்பி. பங்காளி வழி மட்டும் பார்த்தால் போதாது, தாய்வழியும் கணக்கு.

வெயிலைப் பற்றிச் சுருக்கமாக, ஏனென்றால் நோட்டீஸில் ‘காலை இளவெயிலில் நில்லுங்கள்’ என்றும் இருக்கிறது. இளவெயிலில் வைட்டமின் டி மிகக் குறைவு. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும்போதுதான் தோல் அதை நன்றாக உண்டாக்கும். சித்திரையில் காலை ஒன்பதரைக்கே அந்த நிலை வரும், மார்கழியில் பத்து மணிக்கு மேல் ஆகும். கையும் காலும் தெரிய இருபது நிமிடம், வாரத்தில் மூன்று நாள், தலைக்குத் துண்டு. வளவு முற்றம் இதற்கு நல்ல இடம், குரங்குக்கும் மழைக்கும் பயந்து பாலிகார்பனேட் தகடு போட்டு மூடாதவரை. அந்தத் தகடும், பெல்ஜியம் கண்ணாடி ஜன்னலும் வெளிச்சத்தை விடும், தேவையான புறஊதாக் கதிரை விடாது.

உணவில் முட்டை மஞ்சள்கரு, தொண்டிக் கரையிலிருந்து வரும் மத்தி, செறிவூட்டிய பால் ஆகியவற்றில் கொஞ்சம் கிடைக்கும். செக்கு நல்லெண்ணெயில் இல்லை. குடல் புற்றைப் பொறுத்தவரை வைட்டமினைவிட உறுதியான உணவுச் சான்று வேறு இடத்தில் இருக்கிறது. பதப்படுத்திய இறைச்சியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2015-இல் முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்று உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில், சேர்த்தது. தினம் 50 கிராமுக்கு 18 விழுக்காடு கூடுதல் ஆபத்து என்பது அதன் கணக்கு. உப்பிட்டுப் பதப்படுத்துவது அந்த வரையறைக்குள் வருவதால் நம் உப்புக்கண்டமும் தப்பாது. எப்போதாவது சுவைக்கலாம், அன்றாடம் வேண்டாம். இதை விருந்து நடக்கிற இடத்தில் சொன்னால் அடிக்க வருவார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறோம்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

‘குடல் புற்றுநோய் அண்டாது’ என்ற வரியை நோட்டீஸிலிருந்தும் பிளெக்ஸிலிருந்தும் உடனே நீக்குங்கள். ஒரு மருந்து புற்றுநோயைத் தடுக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணிகள் சட்டம் தடை செய்கிறது. பொறுப்பாளர் என்று கையெழுத்துப் போட்டிருப்பவர் நீங்கள்; மருந்து கம்பெனிக்காரர் அல்ல.

6 லட்சம் யூனிட் ஊசியை முகாமில் போடுவதை நிறுத்துங்கள். ஏற்கெனவே போட்டுக்கொண்டவர்களின் பட்டியலை எடுத்து, அவர்கள் வேறு வைட்டமின் டி மருந்து சாப்பிடாமல் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். மேலே சொன்ன அறிகுறி இருப்பவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் கால்சியம், கிரியாட்டினின் பரிசோதனையை உங்கள் செலவில் செய்யுங்கள்.

எல்லோருக்கும் வைட்டமின் டி பரிசோதனை என்பதைக் கைவிட்டு, மருத்துவர் பெயர் குறித்து அனுப்புகிறவருக்கு மட்டும் என்று வையுங்கள். மிச்சமாகும் பணத்தில் ஃபிட் குப்பிகளும் ஐஸ் பெட்டிகளும் வாங்குங்கள்.

பதிவு மேசையிலேயே ஐந்து கேள்வி கேளுங்கள்: மலத்தில் ரத்தம் உண்டா, போக்கு மாறியிருக்கிறதா, எடை காரணமின்றிக் குறைந்ததா, சோகை என்று சொல்லியிருக்கிறார்களா, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்று உண்டா. ஒன்றுக்கு ஆம் என்றாலும் அவரை மறைவிடத்தில் மருத்துவர் விரலால் பரிசோதிக்கட்டும்.

முகாமுக்கு முன்பே, கொலோனோஸ்கோப்பி செய்கிற ஓர் அரசு மருத்துவமனையோடு நாள் பேசி வையுங்கள். ‘உண்டு’ என்று வந்தவரை அழைத்துப் போய், அறிக்கையும் பயாப்சி முடிவும் கைக்கு வரும்வரை பின்தொடர ஒருவரை நியமியுங்கள். அந்த ஏற்பாடு இல்லையென்றால் ஃபிட்டும் வேண்டாம், இந்த ஆண்டு முகாமைக் கண்ணும் பல்லும் சர்க்கரையும் பார்ப்பதோடு முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் படியை எங்களில் ஒருவரிடம் காட்டுங்கள். திருத்திக் கொடுக்கவும், தன்னார்வலர்களுக்குக் குப்பி பிடிக்கக் கற்றுக்கொடுக்கவும், முகாம் நாளில் வந்து நிற்கவும் ஆட்கள் இருக்கிறோம், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
காரைக்குடி வட்டார ஆய்வக, மருந்தக, எண்டோஸ்கோப்பிப் பணியாளர்கள் சிலர்